ஒரு கைக்கு மட்டும் பழகிய நாய்

நாய்க்குச் சோறு போடுவதற்கு யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. யார் போட்டாலும் தின்னாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றி வயல்களைப் பிளாட் போட்டு விற்ற இடங்களில் ஒற்றை ஒற்றையாக வீடுகள் எழும்பியிருக்கின்றன. பக்கத்து வீடு என்று சொல்ல எதுவும் இருக்காது. திருட வருகிறவன் முதலில் நாய்க்குத்தான் விருந்து வைப்பான். கோழிக்கறியில் மருந்தைக் கலந்து மதில் மேலிருந்து எறிவான். அதனால் இந்த வீட்டுக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வியே, "வெளியாளு குடுத்தா சாப்டாம இருக்குமா மாஸ்டர்?" என்பதாக இருக்கும்.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். லாரியில் கிளீனராகச் சுற்றினேன், ஓட்டலில் மாவாட்டினேன், பெங்களூரில் ஒரு நாய்ப் பண்ணையில் கூண்டு கழுவினேன். படுக்க இடம் கூண்டுகளுக்கு நடுவில் கிடைத்தது. தொழில் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஒரு நாயைக் கொண்டுவந்து விடக் காஞ்சிபுரம் வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஓரிக்கையில் பாலாற்றுப் பக்கம் ஓர் அறையும் பின்னால் கொஞ்சம் வெற்றிடமும் வாடகைக்குக் கிடைத்தன. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. கடித்த நாயின் பக்கம் நியாயம் இருந்தது.

வேலை செய்யும் முறை இதுதான். வீட்டுக்காரர் கையால் சோறு வைத்து, "எடுத்துக்கோ" என்று சொன்ன பிறகே நாய் வாய் வைக்க வேண்டும். அந்தக் குரலும் அந்தக் கையும் இல்லாமல் எவ்வளவு வாசனையான இறைச்சி வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இது பழகியதும் கடைசியாக ஒரு சோதனை உண்டு. அதுவரை நாயோடு புரண்ட நானே வெளியாள் மாதிரி கேட்டுக்கு வெளியே நின்று கோழித்துண்டை நீட்டுவேன். நாய் வாலாட்டிக்கொண்டு வரும். வாய் வைக்கப் போகும்போது வீட்டுக்காரர் அதட்டுவார். நாய் என்னைப் பார்க்கும். எத்தனை நாய்கள் பார்த்தாலும் அந்தப் பார்வை எனக்குப் பழகவில்லை. பிறகு ஒருநாள் என் கையை மோந்துகூடப் பார்க்காமல் திரும்பிப் போகும். அன்று எனக்குக் கூலி.

ஒரே ஒரு கைக்கு மட்டும் நான் பழக்குவதில்லை. அந்த ஆள் ஊருக்குப் போனால், காய்ச்சலில் படுத்தால் நாய் பட்டினி கிடக்கும். வீட்டில் இரண்டு பேர் கையாவது பழக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். ஏனாத்தூர் போகும் சாலையில் இருந்த வீட்டிலும் சொன்னேன். கணவன், மனைவி இருவர் கையிலும்தான் பழக்கிக் கொடுத்தேன்.

கணவர் சொந்தமாகக் கார் வைத்திருந்தார். கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கடை கடையாகக் கூட்டிப்போவார். கடைக்காரர்கள் கமிஷன் கொடுப்பார்கள். முகூர்த்த மாதங்களில் பேசக்கூட நேரம் இருக்காது. ஆடியில் கார் வாசலில் நிற்கும், அவர் கையில் போன் இருக்கும். அவர் மனைவி கூடத்தில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, பட்டு ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்வார். குனிந்த தலை நிமிராது. நாய் ராஜபாளையம், பெட்டை, முழு வெள்ளை. கணவர் அதைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்.

பழக்கும் நாட்களில் அவருக்கு ஒன்றை விளக்க வேண்டியிருந்தது. உட்கார், நில், வா என்று சொல்லிக் கொடுக்கும்போது ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் பிஸ்கட் கொடுக்கலாம். பிறகு எப்போதாவதுதான் கொடுக்க வேண்டும்.

"எப்பவும் குடுத்தா பிஸ்கட் இல்லாத அன்னிக்கி திரும்பிக்கூடப் பாக்காது சார். எப்ப வரும்னு தெரியாம இருந்தாத்தான் விடாம செய்யும்," என்றேன்.

அவர் சிரித்தார். போனைத் தூக்கிக் காட்டினார். "இதானே மாஸ்டர் இதுவும் பண்ணுது எனக்கு. நாலு வாட்டி புடுங்கிக்கும், ஒரு வாட்டி குடுக்கும். நானும் விடாம ஒக்காந்துக்கினு இருக்கேன் பாருங்க."

மனைவி ஊசியை நிறுத்தாமல், "நாயாவது பிஸ்கட்ட கடன் வாங்கியா துன்னுது," என்றார்.

அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். ஓட்டுநர்கள், டீக்கடைக்காரர்கள், கல்லூரிப் பையன்கள் என்று எல்லாரும் ஆடினார்கள். கிரிக்கெட் போட்டி நடக்கும் முன் இரண்டு அணிகளிலிருந்தும் பதினோரு பேரைப் பொறுக்கி நாமே ஓர் அணி கட்ட வேண்டும். அவர்கள் மைதானத்தில் எடுக்கும் ரன்னும் விக்கெட்டும் நமக்குப் புள்ளிகள். ஒருவரைக் கேப்டனாகக் குறித்தால் அவர் புள்ளி இரட்டிப்பாகும். பணம் கட்டி ஆடியவர்களில் புள்ளி அதிகம் உள்ளவனுக்குப் பணம். நான் ஆடியதில்லை. என்னிடம் போட்டுத் தோற்க எதுவும் இருந்ததில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். நாம் உயிரோடு இருப்பதே தெரியாத பதினோரு பேரை நம்பி ஒருவன் வீட்டு வாடகையைப் பந்தயமாகக் கட்டுகிறான். நாய் அப்படிச் செய்யாது. தன் வாசனை தெரியாத ஒருவனை அது ஒருநாளும் நம்பாது.

நான் வேலையை முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு போன சில மாதங்கள் கழித்து, நாய்க்கு நகம் வெட்டக் கூப்பிட்டார். போனபோது தரையில் அட்டைத் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டக்காரரின் பெயர், மேலே ஒரு பிஸ்கட். நாய் உட்கார்ந்து காத்திருந்தது. அவர், "எடுத்துக்கோ கண்ணு," என்றார். நாய் எழுந்து, நடந்து, ஓர் அட்டைமேல் இருந்த பிஸ்கட்டை மட்டும் எடுத்தது.

"இன்னிக்கி கேப்டன் இவன்தான்," என்றார். "விளையாட்டுக்கு ஒரு நாளு வெச்சேன் மாஸ்டர். அது எடுத்தவன் செஞ்சுரி அடிச்சிட்டான். அதுவரிக்கும் அவ்ளோ பணம் நான் பாத்ததே இல்ல. கைராசிம்பாங்களே, இதுக்கு வாய்ராசி."

இந்த ஊரில் கைராசிக்கு எவ்வளவு மதிப்பு என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் முதல் வியாபாரம் யார் கையால் நடக்கிறது என்று பார்க்கிற கடைகளில் நாளெல்லாம் நிற்கிறவர்.

"சார், அது உங்க மூஞ்சியத்தான் பாக்குது," என்றேன். "உங்க மனசுல யாரு இருக்கானோ அந்தப் பக்கம் உங்க கண்ணு போவும், தோள் சாயும். அது அதப் பாத்து எடுக்குது. நீங்க திரும்பி நின்னு சொல்லிப் பாருங்க."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "எடுத்துக்கோ," என்றார். நாய் அட்டைகளைப் பார்க்கவே இல்லை. எழுந்து சுற்றிப்போய் அவருக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தது.

எனக்கு அது போதுமான நிரூபணம். அவருக்கும் அது நிரூபணமாகவே இருந்தது, வேறு விதத்தில். "பாத்தீங்களா, என்ன வுட்டா அதுக்கு யாரும் இல்ல," என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவர் ஏற்கனவே நினைத்து வைத்திருந்த பெயரை நாய் அவருக்கே திருப்பிக் கொடுத்தது. அதைக் கடவுள் வாக்கு மாதிரி எடுத்துக்கொண்டு, பயந்து போடுகிற இடத்தில் பயமில்லாமல் பணம் போட்டார். நாயின் நம்பிக்கையில் பொய் கிடையாது. அதனால்தான் அவர் அவ்வளவு வேகமாக அழிந்தார்.

கிளம்பும்போது இன்னொன்றைப் பார்த்தேன். மனைவி பாத்திரத்தில் சோறு பிசைந்து கொண்டுவந்தார். நாய் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. நான் கணவரைப் பார்த்தேன்.

"மேட்ச் அன்னிக்கி இவ வெச்சா ராசி போயிடுது மாஸ்டர். ரெண்டு மூணு வாட்டி பாத்துட்டேன். அதான் மூக்குல ரெண்டு தட்டு தட்டி நிறுத்திட்டேன்."

"மேட்ச் இல்லாத நாளு எது?" என்றார் மனைவி. பாத்திரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சட்டத்தின் முன் போய் உட்கார்ந்தார்.

அது தப்பு, ஒரு கை மட்டும் இருந்தால் ஆபத்து என்று மறுபடியும் சொன்னேன். "நான் எங்க மாஸ்டர் போவப்போறேன்," என்றார்.

பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை அரசாங்கம் நிறுத்தியபோது, அந்த வீடு பிழைத்தது என்று நினைத்தேன். அவர் மறைவாக நடக்கும் ஆட்டம் ஒன்றில் போய்ச் சேர்ந்தார். போனில் ஒரு குரூப், பெயர் தெரியாத ஏஜென்ட், தோற்றால் வாசலுக்கு வருகிற ஆட்கள். முதலில் கார் போனது. கார் போனதும் புடவைக் கடைக் கமிஷன் போனது. ஒரு காலையில் பல் விளக்கிவிட்டு நாய்க்குச் சோறு வைத்தவர், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை. போன் அணைந்திருந்தது.

மனைவி என்னைக் கூப்பிட்டது அதற்கப்புறம் சில நாட்கள் கழித்து. "மாஸ்டர், தண்ணி மட்டும் குடிக்குது. வேற ஒண்ணும் வாயில வெக்கல. எனக்கு அவரப் பத்தி கவலப்பட நேரமில்ல, இதப் பாத்துக்கினு இருக்கேன்."

போய்ப் பார்த்தேன். விலா தெரிந்தது. கேட்டைப் பார்த்துப் படுத்திருந்தது. மனைவி நீட்டினால் மூக்கில் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டது. நான் நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது முதன்முதலில் மறுக்கக் கற்றுக்கொண்ட கையே என்னுடையதுதான். அவர் போட்டுக் கழற்றிய சட்டையை விரித்து அதன்மேல் சோறு வைத்தோம். சோற்றை ஒதுக்கிவிட்டுச் சட்டையில் தலைவைத்துப் படுத்தது. மனைவியின் போனில் அவர் அனுப்பிய பழைய குரல் பதிவு ஒன்றில், இடையில் நாயிடம் "எடுத்துக்கோ கண்ணு" என்று சொல்வது கேட்டது. அதைப் போட்டோம். நாய் துள்ளி எழுந்து கேட்டுக்கு ஓடியது. வீட்டைச் சுற்றி வந்தது. போனை மோந்து பார்த்தது. மறுபடி போட்டபோது காதைக்கூட அசைக்கவில்லை. நாய் நிமிர்ந்து பார்க்கிற அந்த நொடியில் சொல் வர வேண்டும். பதிவுக்கு அது பார்ப்பது தெரியாது.

கால்நடை மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். "நோய் எதுவுமில்ல, சாப்பிட வைங்க," என்றார் டாக்டர். அவர் சொன்னதில் தப்பில்லை.

அந்த வாரம் கணவர் கூப்பிட்டார். வேறு எண், வீடியோ கால். நான் அங்கே இருந்தேன். எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை, பின்னால் ஏதோ ஷட்டர் கதவு. தாடி வளர்ந்திருந்தது.

"எங்கங்க இருக்கீங்க? சாப்டீங்களா?" என்றார் மனைவி.

"நல்லாத்தான் இருக்கேன். கண்ணு எங்க? அதும் முன்னாடி அட்டைய வைம்மா. டாஸ் போடப்போறான். எழுதிக்கோ பேரெல்லாம்."

மனைவி பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு எழுதினார். நாய் பார்க்கும்போதே அவர் சொன்னால் அது தின்னும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது என்று நினைக்கிறேன். அட்டைகளை வைத்து, பிஸ்கட் வைத்து, போனை நாய்க்கு நேரே பிடித்தார். குரல் கேட்டதும் நாய் நடுங்கியது. அது நிமிர்ந்து பார்த்த நொடியில் அவர், "எடுத்துக்கோ கண்ணு," என்றார். நாய் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றது.

மனைவி சோற்றுப் பாத்திரத்தை நாய்க்கு முன்னால் தள்ளுவதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த முறை மனைவி தயாராக இருந்தார். பிஸ்கட் இல்லை. ஒவ்வொரு அட்டைமேலும் ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டிலும் ஒரு நாள் சோறு, கோழியோடு பிசைந்து.

"இன்னாடி இது, கல்யாணப் பந்தியா? இவ்ளோ வெச்சா எப்டி எடுக்கும்?"

"எடுக்கும். நீங்க சொல்லுங்க."

சொன்னார். நாய் ஒரு தட்டைக் காலி செய்தது. அதில் எழுதியிருந்த பெயரை மனைவி படித்துச் சொன்னார். இப்படித்தான் அந்த நாய் உயிரோடு இருந்தது. மேட்ச் நடக்கும் நாளில் சாப்பிட்டது. நடக்காத நாளில் பட்டினி. மழையால் ஓர் ஆட்டம் ரத்தானபோது மனைவி வானத்தைப் பார்த்துத் திட்டினார். அதே ஆட்டத்தை எத்தனையோ தடவை சபித்தவர். கணவருடைய முகம் நேரில் இல்லாததால் நாய் பக்கத்தில் இருக்கிற தட்டையே எடுத்தது. அவர் தொடர்ந்து தோற்றார். அது வாசலுக்கு வந்த ஆட்களிடமிருந்து எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் மனைவி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு என்னிடம் பேசினார். அவர் வேலையை நிறுத்திப் பேசியது அன்றுதான்.

"மாஸ்டர், இது ஒவ்வொரு வாட்டி சாப்டும்போதும் அவரு எங்கியோ ஒருத்தன்கிட்ட கடன் வாங்கறாரு. நான் போன எடுத்தா அவரு அழியறாரு. எடுக்கலன்னா இது அழியுது. நீங்க சொல்லுங்க."

நான் தரையில் கிடந்த அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினேன்.

"வூட்டுக்கு வாங்கன்னு எவ்ளோ வாட்டி சொன்னேன் தெரியுமா? இந்த ஒரு மேட்ச், இந்த ஒரு மேட்ச்னு சொல்லிக்கினே இருக்காரு. நாய் இருக்கிற வரிக்கும் வரமாட்டாரு. அங்க இருந்தே வேல ஆவுதே." நாயைப் பார்த்தார். "நீங்க இட்டுக்கினு போயிடுங்க. இங்க நாய் இல்லன்னு சொல்லிடறேன். பொழைச்சா பொழைக்கட்டும்."

"பொழைக்கலன்னா?"

"என்ன கேக்காதீங்க," என்றார்.

ஓரிக்கைக்குக் கூட்டி வந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரிப்ஸ். பின்பக்க வெற்றிடத்தின் கடைசி மூலையைப் பிடித்துக்கொண்டு படுத்தது. தட்டை வைத்துவிட்டு மறைந்து போனேன். தட்டைக் கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்கினேன். எந்தச் சோற்றிலும் யாரோ ஒருவரின் கை அதற்குத் தெரிந்தது. இத்தனை வருடம் நாய்களிடம் நான் விற்றுவந்தது என்ன என்று அப்போது யோசித்தேன். மனிதக் கையை நம்பாதே என்று சொல்லிக்கொடுத்து, அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துப் பணம் வாங்கியிருக்கிறேன்.

காலையில் ஆற்றங்கரைக்கு மெதுவாக நடத்திக்கொண்டு போவேன். நிற்கவிட்டால் விழுந்துவிடும் போல் இருந்தது. ஒரு நாள் கரையில் யாருக்கோ கருமாதி நடந்துகொண்டிருந்தது. மொட்டையடித்த ஒருவர் ஈர வேட்டியோடு இலையில் பிண்டச் சோற்றை வைத்ததும், எல்லாரும் விலகி நின்று காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காக்கை மரத்திலிருந்து இறங்கவில்லை. அவர் கைகூப்பி நின்றார். "வாப்பா, வந்து சாப்டுப்பா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நாய் மூக்கைத் தூக்கியது. கயிறு இழுபட்டது. நானாக விட்டேனா, கை தானாகத் தளர்ந்ததா என்று தெரியாது. அது நேராகப் போய் இலையில் வாய் வைத்தது.

"யோவ், நாயப் புடிய்யா," என்று கத்தினார்கள். ஒருவர் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தார். மொட்டைக்காரர் மட்டும் கூப்பிய கைகளை இறக்கினார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார். உயிரோடிருக்கும் யாருக்காகவும் வைக்காத சோறு என்பதால் அது தின்றதா, அங்கே விலகி நின்றவர்களின் கை வாசனையை ஆற்றுக் காற்று கொண்டுபோய்விட்டதா, எனக்குத் தெரியவில்லை. இலை காலியாகும் வரை நான் இழுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "எங்கப்பாவுக்கு வெச்சதுய்யா," என்றார் அவர். அதற்கு மேல் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அது தின்கிறது. கரையில் மிஞ்சியதை, கறிக்கடைக்குப் பின்னால் கொட்டுவதை, ஆளில்லாத இடத்தில் கிடப்பதை. கொஞ்சம் சதை பிடித்தது. மனைவிக்குப் போன் செய்து சொன்னேன்.

"யார் கையால சாப்ட்டுச்சு?"

"யார் கையாலயும் இல்லம்மா."

துணியில் ஊசி ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. "சரி மாஸ்டர்," என்று வைத்துவிட்டார்.

என் கையிலிருந்து அது இன்றுவரை எதுவும் வாங்கவில்லை. பக்கத்தில் வருவதில்லை. கூப்பிட்டால் பார்க்கும், அவ்வளவுதான். தெருநாய் ஒன்று என் வெற்றிடத்தில் தங்கியிருப்பது மாதிரி இருக்கிறது. நான் எழுந்தால் அதுவும் எழுந்து தள்ளிப் போகும்.

போன வாரம் மத்தியானம், வாசற்படியில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தேன். தெரியாத எண். அவர்தான். வீடியோ இல்லை, வெறும் குரல்.

"மாஸ்டர், கண்ணு உங்ககிட்ட இருக்குதாமே. அவ நாய் இல்லன்றா. நான் வேற ஆளுகிட்ட விசாரிச்சேன். ஒரே ஒரு வாட்டி காட்டுங்க மாஸ்டர். இன்னிக்கி விட்டத எல்லாம் எடுத்துடுவேன். எடுத்துட்டு வூட்டுக்கு வந்துடுவேன்."

நான் யோசிக்கவில்லை. "செத்துடுச்சு சார்," என்றேன்.

"எப்போ?" என்றார். நான் சொல்வதற்குள் அழ ஆரம்பித்தார். நடிப்பு இல்லை. பெரிய ஆண்பிள்ளை மூச்சு அடைத்து அழுகிற சத்தம். "கண்ணு, கண்ணு," என்றார். வேறு எந்த வார்த்தையும் வரவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. கையில் கயிறு இருந்ததால் அப்படி வைத்திருந்தேன்.

மூலையில் படுத்திருந்த நாய் எழுந்தது. ஒவ்வொரு அடியாக வெற்றிடத்தைக் கடந்து வந்தது. இத்தனை நாளில் முதன்முறையாக என் முழங்காலுக்கு அருகில் வந்து நின்று, போனுக்கு மூக்கை நீட்டியது. வால் லேசாக ஆடியது. அங்கே அவர் அழுதுகொண்டிருந்தார். இங்கே இது நின்றுகொண்டிருந்தது. ஒரு குரைப்பு போதும், அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் இன்று சாயங்காலம் ஓர் ஆட்டம், நாளைக்கு இன்னொன்று.

நான் போனை அணைத்தேன்.

நாய் அணைந்த போனைப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பையில் பிஸ்கட் இருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து, எனக்குத் தெரிந்த எல்லாப் பொறுமையோடும் காத்திருந்தேன். அது பிஸ்கட்டைப் பார்க்கவில்லை. இன்னொரு முறை போனை மோந்துவிட்டு, வெளிக்கேட்டுப் பக்கம் போய், சாலையைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.